பெட்டி பொலோன்யாவில், தினம் ஒரு ரயில்: எமிலியா-ரொமான்யாவைச் சுற்றுவது எப்படி

இத்தாலி என்றதும் ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்று மூன்று ஊரை எழுதி, ஊருக்கு இரண்டு நாள் ஒதுக்கி, நடுவில் ரயில் டிக்கெட் போட்டுவிட்டால் திட்டம் முடிந்தது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். ஃபிளாரன்ஸிலிருந்து வெனிஸ் போகும் அதிவேக ரயில் வழியில் பொலோன்யாவில் நிற்கும். அங்கே இறங்கிவிடுங்கள். எமிலியா-ரொமான்யா என்கிற மாநிலத்தின் தலைநகர் அது. பார்மிசான் சீஸ், பார்மா ஹாம், பால்சமிக் வினிகர், பூரணம் வைத்த குட்டிப் பாஸ்தாவான தொர்தெல்லினி எல்லாம் இந்த ஒரே மாநிலத்துச் சரக்கு, ஃபெராரியும் லம்போர்கினியும்கூட இங்கேதான். வெனிஸ் மாதிரி நெரிசலும் கிடையாது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பொலோன்யாவில் ஒரே அறையில் பெட்டியை வைத்துவிட்டு, தினமும் காலையில் ஒரு ரயில் ஏறி ஒரு ஊருக்குப் போய், அந்த ஊர்ச் சாப்பாட்டை அங்கேயே மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். தினம் ஒரு ஹோட்டல் மாற்றிக்கொண்டு, கருங்கல் பாவிய தெருவில் பெட்டியை இழுத்துக்கொண்டு திரிய இங்கே அவசியமே இல்லை.

இது ஏன் இவ்வளவு சுலபம் என்றால் அதற்கு ரோமானியர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கி.மு. 187-ல் மார்க்குஸ் எமிலியுஸ் லெபிதுஸ் என்ற கான்சல் (ரோமின் உயர் ஆட்சியாளர்) கடற்கரை ஊரான ரிமினியிலிருந்து பியாசென்ஸா வரை சமவெளியில் நூல் பிடித்தது போல ஒரு சாலை போட்டார். அந்தச் சாலையின் மேல்தான் ஊர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கிழக்கே ரிமினி, செசேனா, ஃபோர்லி, ஃபாயென்ஸா, இமோலா, நடுவில் பொலோன்யா, மேற்கே மொடெனா, ரெஜ்ஜோ எமிலியா, பார்மா, பியாசென்ஸா. பின்னால் வந்த ரயில் பாதையும் அதை ஒட்டியே போகிறது. பொலோன்யாவிலிருந்து மொடெனா அரை மணி நேரத்துக்குள், பார்மா சுமார் ஒரு மணி நேரம், ரிமினி ஒன்றரை மணி நேரத்துக்குள். இந்தக் கோட்டில் இல்லாத முக்கியமான ஊர்கள் இரண்டுதான்: வடக்கே ஃபெர்ராரா, அரை மணியிலிருந்து முக்கால் மணி, கிழக்கே ரவென்னா, ஒன்றேகால் மணி நேரம் போல.

எப்போது போவது

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் முதல் பாதி வரை, இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் போகாதீர்கள். போ ஆற்றுச் சமவெளியில் காற்று அசையாது, 35 டிகிரியும் புழுக்கமும் சேர்ந்து வாட்டும், சென்னை வெயிலுக்குப் பழகியவர்களுக்கே எரிச்சல் வரும், ஏனென்றால் அங்கே எல்லாக் கடையிலும் ஏசி இருக்கும் என்று நம்ப முடியாது. போதாததற்கு ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஊரே விடுமுறையில் போய்விடும், நல்ல சாப்பாட்டுக் கடைகளாகப் பார்த்து மூடியிருக்கும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி அடர்த்தியாக இறங்கும். தூரத்துக் காட்சி எதுவும் தெரியாது, ஆனால் சூடான சூப்பில் மிதக்கும் தொர்தெல்லினிக்கு அதுதான் சரியான காலம், குளிர் தாங்குவேன் என்பவர்கள் தாராளமாகப் போகலாம்.

அறை போடுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு, பொலோன்யாவின் வர்த்தகக் கண்காட்சி நாட்களைப் பார்த்துவிடுங்கள். அது கண்காட்சி ஊர். வசந்த காலத்தில் அழகுசாதனத் துறைக்கான காஸ்மோப்ரோஃப், குழந்தைகள் புத்தகக் கண்காட்சி என்று வரிசையாக வரும், அந்த நாட்களில் அறை வாடகை கண்டபடி எகிறும். தேதியை இரண்டு நாள் தள்ளிப் போட்டாலே நிறைய மிச்சம். அறை ரயில் நிலையத்துக்கும் ஊர் நடுவில் உள்ள மாஜோரே சதுக்கத்துக்கும் நடுவில் எங்காவது இருந்தால் போதும், இரண்டுக்கும் இடையே இருபது நிமிட நடைதான். ஹோட்டலில் ஆள் கணக்குக்கு, இரவுக் கணக்குக்கு ஒரு நகர வரி தனியாகக் கேட்பார்கள், ஏமாற்று என்று சண்டை போடாதீர்கள், இத்தாலி முழுக்க உள்ளதுதான்.

சென்னையிலிருந்து இத்தாலிக்கு நேரடி விமானம் கிடையாது. துபாய், இஸ்தான்புல் மாதிரி ஒரு ஊரில் மாறி பொலோன்யாவிலேயே இறங்கலாம், இல்லை மிலானில் இறங்கி அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்தில் வரலாம், எது மலிவோ அது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடைசி நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் தேடி அலையாமல் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

ரயில் விஷயம்

இந்தச் சுற்றுக்கு அதிவேக ரயில் தேவையே இல்லை. பிராந்திய ரயில், அதாவது ரெஜொனாலே, அதில் ஏறினால் போதும். இன்று வாங்கினாலும் ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும் ஒரே விலை, இருக்கை எண் கிடையாது, காலியாக இருக்கும் இடத்தில் உட்காரலாம். பெரும்பாலான ஊர்களுக்கு ஒரு வழிக்கு பத்து யூரோவை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் வரும். காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள சின்ன இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், குத்தாமல் ஏறினால் டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம். "நான் வெளிநாட்டுக்காரன், எனக்குத் தெரியாது" என்பதெல்லாம் பரிசோதகரிடம் எடுபடாது. செயலியில் வாங்கியது செக்-இன் கேட்டால் அதையும் மறக்காமல் செய்யுங்கள்.

பொலோன்யா நிலையம் கொஞ்சம் குழப்பும். சாதாரண 1, 2, 3 நடைமேடைகள் போக, மேற்கு ஓரத்தில் தனியாக "ஓவெஸ்ட்" நடைமேடைகள், கிழக்கு ஓரத்தில் "எஸ்ட்" நடைமேடைகள், பூமிக்கு அடியில் அதிவேக ரயில்களுக்கு இன்னொரு நிலையம். பலகையில் 4 என்று போட்டிருந்தால் பக்கத்தில் ஓவெஸ்ட் என்று ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள், 4-க்கும் 4 ஓவெஸ்டுக்கும் நடுவே நல்ல தூரம். அதிவேக ரயில் என்றால் கீழே இறங்கவே பத்து நிமிடம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே நிலையத்தின் முகப்பில் ஒரு கடிகாரம் 10.25-லேயே நிற்கும், பழுது என்று நினைத்துவிட வேண்டாம். 1980 ஆகஸ்ட் 2 அன்று காலை அந்த நேரத்தில் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். அறையின் சுவரில் வெடித்த பிளவையும் மூடாமல் கண்ணாடி போட்டு விட்டிருக்கிறார்கள், பெயர்ப் பலகையும் இருக்கிறது. ரயிலுக்கு நேரம் இருந்தால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

வேலைநிறுத்தம் அங்கே சகஜம். "ஷோப்பெரோ" என்ற சொல் கண்ணில் பட்டால் உஷாராகிவிடுங்கள். முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்வார்கள், வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட பிராந்திய ரயில்கள் உத்தரவாதமாக ஓடும், அதற்குள் போய்த் திரும்புகிற மாதிரி அமைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அன்றைக்குப் பொலோன்யாவையே பாருங்கள்.

கார் எடுக்காதீர்கள். இந்த ஊர்களின் பழைய நகரப் பகுதி எல்லாமே வண்டிக்குக் கட்டுப்பாடு போட்ட மண்டலம். கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடும், நீங்கள் ஊர் திரும்பிப் பல வாரம் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக அபராதம் வந்து சேரும். மலைக் கிராமங்களுக்குப் போவதென்றால் மட்டும் ஒரு நாளைக்கு எடுங்கள்.

சாப்பாட்டு நேரமும் கணக்கும்

மத்தியானச் சாப்பாடு 12.30 முதல் 2.30 வரை. மூன்று மணிக்குப் போய் நின்றால் சமையலறை மூடியிருக்கும், சாண்ட்விச்சும் ஐஸ்கிரீமும்தான் கிடைக்கும். இரவு 7.30-க்கு மேல்தான் கதவே திறக்கும். வெள்ளி, சனி இரவுகளில் முன்பதிவு இல்லாமல் நல்ல கடையில் இடம் கிடைப்பது கஷ்டம். பில்லில் "கொப்பெர்த்தோ" என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கும், அது ரொட்டிக்கும் மேசைக்கும், எல்லாரிடமும் வாங்குவதுதான். டிப்ஸ் கட்டாயமில்லை. முதல் சுற்றுக்கு பாஸ்தா, இரண்டாவது சுற்றுக்கு இறைச்சி என்று மெனு பிரிந்திருந்தாலும் ஒன்றை மட்டும் வாங்கினால் யாரும் முறைக்க மாட்டார்கள்.

இந்த ரயில் பாதையின் சுவாரசியமே அரை மணிக்கு ஒரு தரம் தட்டு மாறுவதுதான். உள்ளே பூரணம் வைத்த பாஸ்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பொலோன்யாவிலும் மொடெனாவிலும் சுண்டுவிரல் நுனி அளவில் தொர்தெல்லினி, உள்ளே பன்றி இறைச்சி. ரெஜ்ஜோவில் கப்பெல்லெத்தி. பார்மாவில் வட்டமான அனோலினி, கூடவே கீரையும் ரிக்கோத்தா சீஸும் வைத்த தொர்தெல்லி தெர்பெத்தா. ஃபெர்ராராவில் பூசணி வைத்த கப்பெல்லாச்சி. கிழக்கே ரொமான்யா பக்கம் வந்தால் மறுபடியும் கப்பெல்லெத்தி, ஆனால் உள்ளே சீஸ். ஒவ்வொரு ஊரும் தன்னுடையதுதான் அசல் என்று சொல்லும், பக்கத்து ஊர்ப் பண்டத்தை மெனுவில்கூடச் சேர்க்காது. அதனால்தான் அந்தந்த ஊரில் மத்தியானம் சாப்பிடுங்கள் என்கிறேன், பொலோன்யாவில் உட்கார்ந்துகொண்டு பூசணி கப்பெல்லாச்சி தேடுவது வீண் வேலை.

சைவ உணவுக்காரர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்கவும்

பன்றிக் கொழுப்பு எங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கவே முடியாத இடங்களில் எல்லாம் இருக்கும் மாநிலம் இது. மொடெனா பக்கம் ஞோக்கோ ஃப்ரித்தோ என்று ஒன்று தருவார்கள், நம் பூரி மாதிரியே உப்பிக்கொண்டு தட்டில் வந்து நிற்கும், பார்த்ததும் கை போகும். அது காலங்காலமாகப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பது. ரொமான்யாவின் பியதீனா ரொட்டி மாவிலும் அதே கொழுப்பு, ஃபெர்ராராவின் முறுக்கிய கொப்பியா ரொட்டியிலும் அதே. மெனுவில் "ஸ்த்ருத்தோ" என்று இருந்தால் அதுதான். பியதீனாவை ஆலிவ் எண்ணெயில் செய்வதும் உண்டு, "அல்லோலியோ" என்று கேளுங்கள், உள்ளே ஸ்குவாக்குவெரோனே என்ற குழைவான சீஸும் ருக்கோலா கீரையும் வைத்துத் தரச் சொன்னால் ரிமினியிலும் ரவென்னாவிலும் மத்தியானத்துக்கு அதுவே போதும்.

"இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டு இல்லாமல் இறைச்சிச் சூப் வரும். "சோனோ வெஜெத்தாரியானோ" என்று சொல்லுங்கள், பெண்கள் "வெஜெத்தாரியானா" என்று. "ப்ரோதோ" என்றால் எலும்பும் கறியும் போட்டுக் கொதிக்க வைத்த ரசம், அதில் மிதப்பது சீஸ் கப்பெல்லெத்தியாக இருந்தாலும் சைவம் இல்லை. உங்களுக்குத் தோதானவை: பார்மாவின் தொர்தெல்லி தெர்பெத்தா, வெண்ணெயும் சீஸும் போட்டு வரும், ஃபெர்ராராவின் பூசணி கப்பெல்லாச்சி, ஆனால் ரகூ என்ற இறைச்சிக் குழம்பை ஊற்றாமல் "புர்ரோ எ சால்வியா", வெண்ணெயும் சேஜ் இலையும் என்று கேட்க வேண்டும், காளான் போட்ட தல்யதெல்லே என்ற பட்டையான பாஸ்தா.

முட்டை சேர்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். இந்த ஊரில் கையால் தேய்க்கும் பாஸ்தா எல்லாம் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்ற கணக்கு. "பாஸ்தா செக்கா", அதாவது உலர்ந்த பாக்கெட் பாஸ்தா, அதில் பெரும்பாலும் முட்டை இருக்காது. சீஸ் இல்லாத மரினாரா பீட்சாவும் கை கொடுக்கும். அப்புறம், அசல் பார்மிசானில் பாலைத் திரிக்க கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்தான் சேர்ப்பார்கள், விதிமுறையே அப்படி. கண்டிப்பான சைவம் என்றால் "பார்மிஜானோ இல்லாமல்" என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும், சொல்லாவிட்டால் எல்லாவற்றின் மேலும் தூவிவிடுவார்கள்.

பன்றி சாப்பிடாதவர்கள் ரகூவையும் கவனிக்க வேண்டும். மாட்டிறைச்சி என்று எழுதியிருந்தாலும் அதில் பான்செத்தா என்கிற பன்றி வயிற்றுக்கறி சேர்ப்பது வழக்கம். கடற்கரைப் பக்கம் போகும் நாட்களில் மீன் வைத்துச் சமாளிப்பது சுலபம்.

பொலோன்யா

வந்த அன்று எதுவும் திட்டம் போடாமல் நடந்தாலே போதும், வெயிலோ மழையோ குடை வேண்டாம். ஊர் முழுக்கத் தூண் வைத்த நடைபாதைகள், மொத்தம் 62 கிலோமீட்டர், 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். 1088-ல் தொடங்கியதாகச் சொல்லும் பல்கலைக்கழகத்துக்கு வந்த மாணவர்களுக்கு இடம் போதாமல், மாடி அறைகளைத் தெருப் பக்கம் இழுத்துக் கட்டி அடியில் தூண் கொடுத்தார்கள், அப்படி வளர்ந்ததுதான் இது.

மாஜோரே சதுக்கத்தில் சான் பெத்ரோனியோ தேவாலயத்தின் முகப்பு கீழ்ப்பாதி பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல். 1390-ல் ஆரம்பித்தார்கள், முகப்பை இன்னும் முடிக்கவில்லை. உள்ளே தரையில் 1655-ல் வானியலாளர் காசினி வரைந்த சுமார் 67 மீட்டர் நீளக் கோடு ஒன்று உண்டு. கூரையில் ஒரு சின்னத் துளை, அதன் வழியே விழும் வெயில் வட்டம் உச்சிப் பொழுதில் அந்தக் கோட்டைக் கடக்கும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருப்பார்கள், அதனால் ஒரு மணிக்கு மேல்தான் அது நடக்கும், பன்னிரண்டுக்குப் போய்க் காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில் தேவாலயம் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரின் அடையாளமான இரண்டு சாய்ந்த கோபுரங்களில் குட்டையான கரிசெந்தா 2023 இலையுதிர் காலத்திலிருந்து வேலி போட்டு மூடப்பட்டது, சாய்வு ஆபத்தான நிலைக்குப் போனதால். பக்கத்தில் உள்ள 97 மீட்டர் அசினெல்லியில் ஏறுவதையும் அதோடு நிறுத்திவிட்டார்கள், ஏறலாம் என்று சொல்லும் பழைய வழிகாட்டிகளை நம்பிப் போகாதீர்கள். உயரம் வேண்டுமென்றால் சான் லூகா குன்றுக்கு நடக்கலாம். சரகோத்ஸா வாயிலிலிருந்து கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர், 666 வளைவுகள், கூரைக்கு அடியிலேயே மேலே வரை போகலாம். கடைசிப் பாதி நல்ல ஏற்றம், முழங்கால் வலி உள்ளவர்கள் சதுக்கத்திலிருந்து கிளம்பும் சுற்றுலா வண்டியில் போய்விட்டு இறங்கும்போது மட்டும் நடக்கட்டும்.

சதுக்கத்துக்குக் கிழக்கே குவாத்ரிலாத்தெரோ என்ற சந்துகளில் மீன், சீஸ், பழக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அங்கே 1465-லிருந்து இருக்கும் ஒஸ்தெரியா தெல் சோலே என்ற மதுக்கடையில் சாப்பாடு விற்பதில்லை. வெளியே வாங்கியதைப் பொட்டலமாகக் கொண்டுபோய் அங்கே உள்ள பெஞ்சில் பிரித்துச் சாப்பிடலாம், பானம் மட்டும் அவர்களிடம் வாங்கினால் சரி. தல்யதெல்லே ரகூவை ஏதாவது ஒரு த்ராத்தொரியாவில், அதாவது சாதாரணச் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்து சாப்பிடுங்கள். வேகவைத்த பின் 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972-ல் தங்கத்தில் ஒரு மாதிரி செய்து வர்த்தகச் சபையில் வைத்த ஊர் இது, ஸ்பகெட்டியோடு ரகூ கேட்டால் சர்வருக்கு முகம் சுருங்கும்.

பார்மா, அதற்கு முன் ஒரு சீஸ் பட்டறை

இந்தப் பயணத்தில் ஒரு நாள் மட்டும் அலாரம் வைத்து எழுந்திருங்கள். சீஸ் தயாரிப்பு காலையில்தான். பத்தரைக்குப் போனால் தொட்டி கழுவிக்கொண்டிருப்பார்கள். மாடு ஞாயிற்றுக்கிழமையும் பால் கறக்கும் என்பதால் தயாரிப்பு தினமும் உண்டு, பார்வையாளர்களை அனுமதிக்கும் பட்டறைகளை உற்பத்தியாளர் கூட்டமைப்பின் தளத்தில் பார்த்து முன்பதிவு செய்யலாம். பெரும்பாலானவை ஊருக்கு வெளியே வயல் நடுவில் இருக்கும், நிலையத்திலிருந்து டாக்சியோ, வண்டியோடு சேர்ந்த சுற்றுலாவோ தேவைப்படும். காசு கொஞ்சம் ஆகும், ஆனால் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் புளித்த மோர் வாசனையும் ஆவியும். தரையில் புதைத்த கூம்பு வடிவச் செப்புத் தொட்டிகள் வரிசையாக இருக்கும். முந்தின நாள் மாலைப் பாலை அகலமான தட்டத்தில் இரவு முழுக்க விட்டு ஆடை எடுத்துவிட்டு, அதோடு அன்று காலைப் பாலைக் கலந்து ஊற்றுவார்கள். திரிந்ததும் பெரிய கம்பிக் கூண்டு போன்ற மத்தால் உடைப்பார்கள், அரிசி மணி அளவுக்கு. பிறகு 55 டிகிரி வரை சூடாக்கினால் மணிகள் எல்லாம் அடியில் போய் ஒன்றாகப் படியும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஒருவர் மரத் துடுப்பைக் கீழே விட்டு அந்தப் பெரிய வெள்ளைக் கட்டியைப் புரட்டி மேலே கொண்டுவர, இன்னொருவர் துணியை அதன் அடியில் செலுத்தி, நான்கு முனையையும் ஒரு கம்பில் கட்டித் தொங்கவிடுவார். கத்தியால் நடுவே ஒரே வெட்டு, இரண்டு சீஸ். ஒரு வட்டுக்கு சுமார் 550 லிட்டர் பால், எடை 40 கிலோ போல. சில வாரம் உப்புத் தண்ணீரில் மிதந்துவிட்டு மரப் பலகை அடுக்குக்குப் போகும், குறைந்தது 12 மாதம். பிறகு ஆய்வாளர் சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார், உள்ளே விரிசலோ ஓட்டையோ இருந்தால் சத்தம் மாறும். தேறினால் சூட்டு முத்திரை, தேறாவிட்டால் ஓட்டில் உள்ள எழுத்துப் புள்ளிகளைச் சுரண்டிவிடுவார்கள்.

ருசி பார்க்கத் தரும்போது 12, 24, 36 மாதம் என்று வரிசையாகக் கேட்டுச் சாப்பிடுங்கள். முதலாவது பால் வாசனையோடு மென்மை, கடைசியானது மணல் மாதிரி உதிரும், நடுநடுவே பல்லில் படும் வெள்ளைப் படிகம் உப்பு இல்லை, அமினோ அமிலம். வீட்டுக்கு வாங்க 24 மாதம்தான் என் சிபாரிசு. இந்தச் சமவெளியின் மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்கிறவர்களில் பஞ்சாபியர் நிறையப் பேர். ரெஜ்ஜோ எமிலியா பக்கம் நொவெல்லாரா என்ற சின்ன ஊரில் 2000-லேயே குருத்வாரா கட்டிவிட்டார்கள்.

திரும்பி பார்மா ஊருக்குள் வந்தால் எண்கோண ஞானஸ்நானக் கோபுரம், வெரோனாவின் இளஞ்சிவப்புப் பளிங்கில் அந்தேலாமி என்ற சிற்பி 1196-ல் தொடங்கியது. பக்கத்துக் கதீட்ரலில் அண்ணாந்து பார்த்தால் கொரெஜ்ஜோவின் ஓவியத்தில் நூற்றுக்கணக்கான கால்கள் வானத்தில் ஆடும். வரைந்த காலத்தில் இதைத் தவளைக் குழம்பு என்று கிண்டல் செய்தார்களாம். நேரம் இருந்தால் பிலோத்தா மாளிகைக்குள் முழுக்க மரத்தால் ஆன ஃபார்னேசே அரங்கு, 1944 குண்டுவீச்சில் அழிந்ததைத் திரும்பக் கட்டியது.

மொடெனா

அரை நாள் போதும், சாப்பாட்டோடு சேர்த்து முக்கால் நாள். 1099-ல் தொடங்கிய கதீட்ரலின் முகப்பில் விலிஜெல்மோ செதுக்கிய ஆதாம் ஏவாள் கதையைப் பார்த்துவிட்டு, 1931-லிருந்து நடக்கும் அல்பினெல்லி சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நகராட்சி மாளிகையில் ஒரு பழைய மர வாளி இருக்கிறது, 1325 சண்டையில் பொலோன்யாக்காரர்களிடமிருந்து பறித்ததாம், இன்னும் திருப்பித் தரவில்லை. கார் பைத்தியங்கள் என்சோ ஃபெராரி அருங்காட்சியகத்துக்கும், பேருந்தில் ஃபெராரி ஆலை உள்ள மாரனெல்லோவுக்கும் போகலாம், மற்றவர்கள் பால்சமிக் வினிகர் ஊறும் மாடிக்குப் போங்கள்.

பால்சமிக்கில் காசை இழப்பது ரொம்பச் சுலபம். சூப்பர் மார்க்கெட்டில் சில யூரோவுக்குக் கிடைக்கும் ஐஜிபி (புவிசார் குறியீடு) ரகம் ஒயின் வினிகரும் திராட்சைச் சாறும் கலந்தது, 60 நாளில் தயார், சாலட்டுக்கு அது போதும். "த்ரதிசொனாலே" என்பது வேறு. காய்ச்சிய திராட்சைச் சாறு மட்டும், வேறு ஒன்றும் கிடையாது. பெரியதிலிருந்து சிறியதாக வரிசை வைத்த மரப் பீப்பாய்களில், வீட்டின் பரணில், கோடைச் சூடும் குளிர்காலமும் மாறி மாறி படக் குறைந்தது 12 வருடம், எக்ஸ்த்ராவெக்கியோ என்றால் 25 வருடம். எல்லாத் தயாரிப்பாளருக்கும் ஒரே வடிவ 100 மில்லி உருண்டைக் குப்பிதான், அந்தக் குப்பி இல்லாமல் வேறு பாட்டிலில் "பழமையானது" என்று எழுதி விற்றால் நகர்ந்துவிடுங்கள். ஐம்பது யூரோவை ஒட்டித் தொடங்கும். அதை அடுப்பில் ஏற்றுவது பாவம், ஸ்ட்ராபெரி மேலோ சீஸ் துண்டின் மேலோ நாலு சொட்டு.

ரவென்னா

ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், சாப்பாடு இரண்டாம் பட்சம். 402-ல் மேற்கு ரோமானியப் பேரரசின் தலைநகரை மிலானிலிருந்து இங்கே மாற்றினார்கள், சுற்றிலும் சதுப்பு நிலம், எதிரி சுலபமாக வர முடியாது என்று. அதன்பின் 150 வருடத்தில் ரோமானியர், கோத்துகள், பைசாந்தியர் என்று வந்தவர்கள் எல்லாம் மொசைக் பதித்துவிட்டுப் போனார்கள்.

நிலையத்திலிருந்து நடந்தால் முதலில் சான்தப்பொல்லினாரே நுவோவோ தேவாலயம், அடுத்து கவிஞர் தாந்தேயின் சமாதி (1321-ல் இங்கேதான் இறந்தார், ஃபிளாரன்ஸ் எவ்வளவோ கேட்டும் உடலைத் தரவில்லை), பிறகு நியோனியன் ஞானஸ்நான மண்டபம், கடைசியில் சான் விதாலே தேவாலயமும் கல்லா ப்லாசிதியா சமாதிக் கட்டடமும். தாந்தே சமாதி தவிர மற்றவற்றுக்கு ஒரே கூட்டு டிக்கெட். அந்த மண்டபத்துக்கும் கல்லா ப்லாசிதியாவுக்கும் நேரம் குறித்து முன்பதிவு வேண்டும், உள்ளே சில நிமிடம்தான் விடுவார்கள்.

கல்லா ப்லாசிதியா வெளியே பார்த்தால் செங்கல் கொட்டகை. குனிந்து உள்ளே போனதும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சன்னலில் கண்ணாடிக்குப் பதில் தேன் நிற அலபாஸ்டர் கல் பலகை. உடனே ஃபோனைத் தூக்காமல் அசையாமல் நில்லுங்கள். ஒரு நிமிடத்தில் கரு நீலக் கூரையும் அதில் வட்டம் வட்டமாகப் பொன் நட்சத்திரங்களும் மெதுவாகத் துலங்கும். சில்லுகளைச் சமமாகப் பதிக்காமல் சற்றே சாய்த்துச் சாய்த்துப் பதித்திருப்பதால் நீங்கள் தலையை அசைத்தால் மின்னுவது இடம் மாறும். படத்தில் இது வராது. சான் விதாலேயில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனும் அவர் மனைவி தியோடோராவும் பரிவாரத்தோடு எதிரெதிர்ச் சுவரில் நிற்கிறார்கள், தியோடோராவின் அங்கி ஓரத்தில் மூன்று ஞானிகள் பரிசோடு போவதுகூடத் தெரியும், கிட்டப் போய்ப் பாருங்கள். கால் தாங்கினால் ஒரு ஸ்டேஷன் தள்ளி கிளாசேயில் பச்சைப் புல்வெளியும் ஆடுகளுமாக இன்னொரு தேவாலயம், அதற்கு டிக்கெட் தனி.

மற்ற ஊர்கள்

ஃபெர்ராராவில் சைக்கிள் வாடகைக்கு எடுங்கள், ஊரே சைக்கிளில்தான் போகிறது. ஒன்பது கிலோமீட்டர் மதில் மேல் மரநிழலில் சுற்றிவிட்டு, அகழி சூழ்ந்த எஸ்தென்சே கோட்டையைப் பார்த்து, பூசணி கப்பெல்லாச்சி சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். நிதானமான நாள் வேண்டுமென்றால் இதை நடுவில் வையுங்கள். ரிமினி கடற்கரைக்காகப் போகிற ஊர், ஆனாலும் கி.பி. 21-ல் கட்டி முடித்த திபெரியுஸ் பாலத்தின் மேல் இன்றும் நடந்து போகலாம். அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் சான் மரினோ, பாஸ்போர்ட் நாடுகளை எண்ணுகிறவர்களுக்கு. ஃபாயென்ஸா பீங்கான் பிடித்தவர்களுக்கு மட்டும். பியாசென்ஸாவை விட்டுவிட்டாலும் குறையில்லை.

மூன்று நாள்தான் என்றால் பொலோன்யா, பார்மா, ரவென்னா. நாலாவது நாள் கிடைத்தால் மொடெனா, ஐந்தாவது ஃபெர்ராரா. திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், அன்றைக்கு சீஸ் பட்டறையை வைத்துக்கொண்டால் நாள் வீணாகாது. வாங்கும் சீஸை "சொத்தோவுவோத்தோ" என்று சொல்லி காற்றில்லாமல் அடைத்துத் தரச் சொல்லுங்கள், விமான நிலையத்தில் வாங்குவதைவிட குவாத்ரிலாத்தெரோவில் விலையும் குறைவு, ருசி பார்த்தும் எடுக்கலாம். வினிகர்க் குப்பி சரியாக 100 மில்லி என்பதால் கைப்பையிலும் போகலாம், இருந்தாலும் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். பொலோன்யா விமான நிலையத்துக்கு நிலையத்திலிருந்து மார்க்கோனி எக்ஸ்பிரஸ் என்ற ஒற்றைத் தண்டவாள வண்டி ஏழு எட்டு நிமிடத்தில் கொண்டுபோய் விடும், தூரத்துக்குப் பார்த்தால் விலை கொஞ்சம் அதிகம்தான், மூன்று நாலு பேர் இருந்தால் டாக்சியே கட்டுப்படியாகும்.